பி.டி.எஸ்.டி. மாத்திரை, விறைப்புக் குறைபாடு, மறுக்கப்பட்ட க்ளெய்ம்: அடுத்து எந்த வழி?

கொங்கு_ஹூஸ்டன்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கடன், ஜி.ஐ. பில் (படைவீரர் கல்வி உதவி) பற்றியெல்லாம் இங்கே தாராளமாகக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. என்னைப் போல மாவ்னி திட்டத்தில் படையில் சேர்ந்த தமிழர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். (தெரியாதவர்களுக்கு: 2009ல் அமெரிக்கப் படை இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. விசாவில் இருந்த பலர் அந்த வழியாகச் சேர்ந்து குடியுரிமை பெற்றோம்.)

ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று உறுதியானது. வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத்துறை) கொடுத்த 50 சதவீத ரேட்டிங் (பணியால் வந்த பாதிப்பின் அளவு, மாதத் தொகை இதைப் பொறுத்தது) இருக்கிறது. செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். தூக்கமும் கோபமும் ஓரளவு கட்டுக்குள் வந்தன. ஆனால் மாத்திரை தொடங்கிய சில மாதங்களிலேயே விறைப்பு சரியாக வராமல் போய்விட்டது. வயது 41. திருமணமான புதிதில் இந்தப் பிரச்சினை துளியும் கிடையாது.

பி.டி.எஸ்.டி.யை ஒட்டிய செகண்டரி க்ளெய்ம் (ஏற்கெனவே ஏற்கப்பட்ட நோயால் வந்த இன்னொரு குறைக்கான கோரிக்கை) போட்டேன். ஒப்பந்த நிறுவனத்தின் பரிசோதகர் ஒருவர் பார்த்தார். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. இப்போது மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. பரிசோதகர் மூன்று காரணம் எழுதியிருக்கிறார். ஒன்று, பணிக்கால மருத்துவப் பதிவேட்டில் இந்தக் குறை எங்கும் இல்லை. இரண்டு, எடை அதிகம், கொழுப்பு அதிகம், வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று, செர்ட்ராலினின் பக்கவிளைவு பொதுவாக மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். ஆகவே பணியோடு தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று முடித்திருக்கிறார்.

அப்பீல் போகலாமா? போனால் எந்த வழி? மூன்று படிவங்கள் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

பழைய_காலாட்படை:

தம்பி, மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கை கால் இழந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு இது வருவதுதான். இதற்கும் அரசாங்கத்திடம் போய் நிற்க வேண்டுமா? நம் ஆட்கள் கௌரவம் என்று ஒன்று பார்ப்போமே.

மதுரை_மல்லி:

பழைய_காலாட்படை அண்ணா, வயதில் மூத்தவர் என்ற மரியாதையோடு பதில் சொல்கிறேன். என் கணவர் இரண்டு முறை ஈராக் போய் வந்தவர். இந்தக் கௌரவத்தால்தான் எங்கள் வீட்டில் பல வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் தனி அறையில் படுக்க ஆரம்பித்தார். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தான் ஆம்பளையே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் பொய் சொன்னேன்.

காரணம் மாத்திரையும் பி.டி.எஸ்.டி.யும்தான் என்று ஒரு டாக்டர் தெளிவாகச் சொன்ன அன்றுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பணம் வந்தது அப்புறம்தான். சட்டமே தருகிற ஒன்றைக் கேட்பதில் என்ன அவமானம்? போருக்குப் போனதால் உடம்பு இழந்தது காலாக இருந்தாலும் இதுவாக இருந்தாலும் இழப்புதான்.

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

கொங்கு தம்பி, நான் படைவீரர் அமைப்பு ஒன்றில் அங்கீகாரம் பெற்ற சேவை அதிகாரியாக இருந்தவன். நீ எழுதியதைப் பார்த்தால் இந்த மறுப்பில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. விவரமாகவே எழுதுகிறேன், இதே கடிதம் வாங்கியவர்கள் நிறையப் பேர் படிப்பார்கள்.

முதல் காரணத்தை எடுத்துக்கொள். பணிக்காலப் பதிவேட்டில் இல்லையாம். இருக்கவே தேவையில்லை! நீ போட்டது செகண்டரி க்ளெய்ம். படையில் இருந்தபோதே இந்தக் குறை வந்தது என்று நீ சொல்லவில்லை. ஏற்கெனவே பணித்தொடர்பு (படைப்பணியால் வந்தது என்பது) ஏற்கப்பட்ட பி.டி.எஸ்.டி.யாலும் அதற்கான மருந்தாலும் பின்னால் வந்தது என்கிறாய். 38 சி.எஃப்.ஆர். (அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பு) 3.310 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. பதிவேடு மௌனமாக இருப்பது நேரடிப் பணித்தொடர்புக்குத்தான் பொருந்தும். பரிசோதகர் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்.

இனி முக்கியமானது. அந்த விதியில் இரண்டு கிளைகள் உண்டு. பி.டி.எஸ்.டி. இதை உண்டாக்கியதா என்பது ஒன்று. வேறு காரணத்தால் வந்ததே என்றாலும், பி.டி.எஸ்.டி.யோ மருந்தோ அதை இன்னும் மோசமாக்கியதா என்பது இன்னொன்று. 1995ல் ஆலன் எதிர் பிரவுன் வழக்கில் படைவீரர் நீதிமன்றம் இந்த இரண்டாவது வழியைத் திறந்துவிட்டது. 2013ல் எல்-அமின் எதிர் ஷின்செகி வழக்கில், "இதனால் வரவில்லை", "இதோடு தொடர்பில்லை" என்று எழுதினால் மட்டும் மோசமாக்கியதா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது என்று தெளிவாக்கியது. உன் கடிதத்தில் "மோசமாக்கியது" என்ற பேச்சாவது எங்கேனும் இருக்கிறதா, நிதானமாகப் படித்துச் சொல்.

கொங்கு_ஹூஸ்டன்:

சார், வரி வரியாகப் பார்த்துவிட்டேன். இல்லை. "தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு" என்று ஒரே வரிதான். மோசமாக்கியது பற்றி எதுவும் இல்லை.

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

அப்படியானால் அந்தப் பரிசோதனை அறிக்கை போதாதது. இதை நினைவில் வைத்துக்கொள், கீழே மறுபடி வரும்.

எடை விஷயத்திலும் அவர் தெரியாமலே உனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பருமன் தனியாக ரேட்டிங் பெறும் நோய் அல்ல. ஆனால் பணித்தொடர்புள்ள நோய்க்கும் புதிய நோய்க்கும் நடுவே அது ஒரு இடைப்படியாக இருக்கலாம் என்று வி.ஏ.வின் தலைமைச் சட்ட அலுவலகமே 2017ல் கருத்துரை எழுதியிருக்கிறது. பி.டி.எஸ்.டி.யால் உடற்பயிற்சி நின்று, இரவில் தூக்கம் கெட்டு, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு எடை ஏறியதா? அந்த எடை விறைப்புக் குறைபாட்டுக்குக் கணிசமான காரணமா? அந்த எடை இல்லாவிட்டால் குறைபாடு வந்திருக்காதா? இந்த மூன்றுக்கும் மருத்துவர் ஆம் என்றால் சங்கிலி முழுமையாகிவிடும். படையை விட்டபோது உன் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பதிவுகளில் இருக்கும். எடுத்து வை.

மருந்தை நிறுத்தினால் சரியாகும் என்ற மூன்றாவது காரணம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. நீ மருந்தை நிறுத்தவில்லையே. நிறுத்தவும் கூடாது. க்ளெய்ம் போட்ட நாளிலோ, அது நிலுவையில் இருக்கும் காலத்திலோ குறை இருந்தால் அது நடப்புக் குறைதான். மெக்லெய்ன் எதிர் நிக்கல்சன், 2007.

விழுப்புரம்_விமானப்படை:

எனக்கு ஒரு நண்பர் 20 சதவீதம் ரேட்டிங் வாங்கியிருக்கிறார் விறைப்புக் குறைபாட்டுக்கு. கொங்கு அண்ணாவும் 20 கேட்கலாமே?

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

அது பழைய கணக்கு தம்பி. 7522 என்ற நோய்க் குறியீட்டில் முன்பு "ஆணுறுப்பு உருச்சிதைவும் விறைப்பு இழப்பும்" சேர்ந்திருந்தால் 20 சதவீதம் கிடைத்தது. 2021 நவம்பர் 14 முதல் அந்தக் குறியீட்டை மாற்றிவிட்டார்கள். இப்போது உருச்சிதைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விறைப்புக் குறைபாட்டுக்கு 0 சதவீதம்தான். அந்தத் தேதிக்கு முன்பே வாங்கியவர்களின் 20 இந்த மாற்றத்தினால் மட்டும் பறிபோகாது.

0 என்றதும் சோர்ந்துவிடாதீர்கள். பணம் வருவது வேறு வாசல் வழியாக. இனப்பெருக்க உறுப்பின் பயன் இழப்புக்கு எஸ்.எம்.சி.-கே என்ற சிறப்பு மாதத் தொகை இருக்கிறது. 2025ல் அது மாதம் 136 டாலர் 6 சென்டாக இருந்தது. மற்ற ரேட்டிங்குக்கு வரும் தொகையின் மேல் இது அப்படியே கூடும், சதவீதக் கூட்டலுக்குள் போய்க் கரையாது. இதற்குத் தனி விண்ணப்பமும் அவசியமில்லை. ஆதாரத்திலிருந்தே தகுதி தெரிந்தால் துறையே பரிசீலிக்க வேண்டும் என்று 1991ல் ஏக்லஸ் எதிர் டெர்வின்ஸ்கி வழக்கில் தீர்ப்பானது. ஆனாலும் உன் மனுவில் ஒரு வரி எழுதிவிடு. எழுதிக் கேட்டதை விட்டுவிடுவது அவர்களுக்குக் கஷ்டம்.

பழைய_காலாட்படை:

மாதம் 136 டாலருக்கா இத்தனை பாடு?

மதுரை_மல்லி:

வருஷத்துக்கு 1,600 டாலருக்கு மேல் வருகிறது அண்ணா, ஆயுள் முழுக்க. பின்தேதி கணக்கிட்டால் நிலுவையும் சேரும். அதைவிட முக்கியம், பணித்தொடர்பு என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அந்தக் குறைக்கான வி.ஏ. சிகிச்சையில் இணைக்கட்டணம் கிடையாது. எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

மருந்துச்சீட்டு_டாலஸ்:

நான் உள்மருத்துவம் பார்க்கிறேன். படைவீரர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். மருத்துவப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பி.டி.எஸ்.டி.க்கு என்று எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் பெற்ற மாத்திரைகள் இரண்டுதான்: செர்ட்ராலின், பாராக்செட்டின். இரண்டுமே செரட்டோனின் அளவைக் கூட்டுபவை. அவற்றின் மருந்துக் குறிப்பேட்டிலேயே பாலியல் பக்கவிளைவு அச்சிட்டிருக்கிறது. ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது அதிகம். விறைப்புக் குறைவதும் உண்டு. இந்த மூன்றும் வேறு வேறு. நோயாளி "அங்கே பிரச்சினை" என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவர் "பாலியல் குறைபாடு" என்று பொதுவாக எழுதிவிடுவார். க்ளெய்மில் அது கை கொடுக்காது. விறைப்பு வருவதில்லையா, வந்து நிற்பதில்லையா, எத்தனை முறைக்கு எத்தனை முறை என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மாத்திரை இல்லாவிட்டாலும் பி.டி.எஸ்.டி.யே இதைச் செய்யும். விறைப்புக்கு உடம்பு தளர்ந்து அமைதியாக இருக்க வேண்டும். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து முறுக்கிக்கொண்டிருக்கும் நரம்பு மண்டலத்தில் அந்தத் தளர்வு வராது. ஆகவே நெக்சஸ் கடிதம் (குறைக்கும் பணித்தொடர்புள்ள நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கும் மருத்துவக் கருத்து) எழுதும் மருத்துவர் நோய், மருந்து இரண்டையும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

நெக்சஸ் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. "இவருக்கு பி.டி.எஸ்.டி.யால் விறைப்புக் குறைபாடு வந்துள்ளது" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மதிப்பு கிடையாது. 2008ல் நீவ்ஸ்-ரோட்ரிகஸ் எதிர் பீக் வழக்கில், மருத்துவக் கருத்தின் எடை அதில் உள்ள காரண விளக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதும்போது இந்த வரிசையில் போவேன்: எந்தப் பதிவுகளைப் படித்தேன், மாத்திரை எப்போது தொடங்கியது, குறை எப்போது தொடங்கியது, மாத்திரையின் அளவைக் கூட்டியபோது என்ன ஆனது, சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் என்ன காட்டின, மற்ற காரணங்களை ஏன் குறைவாக எடைபோட்டேன் அல்லது அவற்றோடு மருந்தும் சேர்ந்துகொண்டது என்று ஏன் சொல்கிறேன், கடைசியில், "குறைந்தபட்சம் சரிபாதி வாய்ப்பு" என்ற அளவுகோலில் என் முடிவு. நூறு சதவீத உறுதி யாரும் கேட்கவில்லை. சரிபாதி இருந்தால் போதும். ஆனால் "இருக்கலாம்", "சாத்தியம்" என்று மழுப்பி எழுதினால் அது சரிபாதிக்குக் கீழே விழுந்துவிடும்.

கொங்கு_ஹூஸ்டன்:

டாக்டர், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்து, சரியானால் அதுவே ஆதாரம் ஆகாதா?

மருந்துச்சீட்டு_டாலஸ்:

தயவுசெய்து வேண்டாம். செர்ட்ராலினைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரும். பி.டி.எஸ்.டி. திரும்பித் தாக்கும். க்ளெய்முக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். அளவைக் குறைப்பதா, புப்ரோப்பியான் போன்ற மருந்தைச் சேர்ப்பதா, மாற்றுவதா என்பதை உங்கள் மனநல மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் கொடுத்தார், இணையத்தில் கிடைத்தது என்று சில்டெனாஃபில் (வயாக்ரா) வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பி.டி.எஸ்.டி. கெட்ட கனவுகளுக்குப் பிரசோசின் எடுப்பவர்கள் நம்மில் நிறைய; அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். இன்னொன்று, விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மெலிந்தவை, அடைப்பு அங்கே முதலில் தெரியும். க்ளெய்ம் ஜெயித்தாலும் தோற்றாலும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு_ஏஜென்ட்_மகன்:

எங்கள் மாமனார் அமெரிக்கர், வியட்நாம் போனவர். அவருக்கு விஷயம் வேறு வழியில் நடந்தது. ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி) பட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பணியால் வந்ததாகவே அனுமானிக்கப்படும், 2001 முதல். அவருடைய விறைப்புக் குறைபாடு சர்க்கரையால் வந்தது என்று டாக்டர் எழுதினார். நரம்பும் ரத்தக் குழாயும் சர்க்கரையால் கெடுவது எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம் என்பதால் பெரிய வாதமே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். புராஸ்டேட் புற்றுநோயும் அதே அனுமானப் பட்டியலில் உண்டு; அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குறைபாட்டுக்கு அதையொட்டிக் கேட்கலாம்.

2022 ஆகஸ்ட்டில் வந்த பாக்ட் சட்டம் அந்தப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. முன்பு ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி விறைப்புக் க்ளெய்மை மறுத்த கடிதங்கள் அந்தத் தலைமுறையிடம் நிறைய இருக்கும். அவர்கள் இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று மறுப்புக்குச் சொன்ன காரணமே இன்று பணித்தொடர்புள்ள நோய் ஆகிவிட்டது.

கடற்படை_கவிதா:

பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. 2018 மே 13 முதல் பெண்களின் பாலியல் கிளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தனிக் குறியீடு இருக்கிறது, 7632. அதுவும் 0 சதவீதம்தான், அதற்கும் எஸ்.எம்.சி.-கே உண்டு. இதே மாத்திரைகளைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனால் எங்களிடம் யாரும் கேட்பதே இல்லை, நாங்களும் சொல்வதில்லை. கேளுங்கள், பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

கவிதா சொன்னதைப் பெண் படைவீரர் குழுக்களிலும் யாராவது போடுங்கள். எத்தனையோ பேருக்குத் தெரியாது.

இப்போது கொங்குவின் கேள்விக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 19 முதல் நடப்பில் இருக்கும் முறையில் உனக்கு மூன்று பாதைகள்.

உயர்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. புது ஆதாரம் எதுவும் சேர்க்க முடியாது. அனுபவமுள்ள இன்னொரு அதிகாரி அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார். அவரோடு போனில் பேச ஒரு வாய்ப்புக் கேட்கலாம். உன் விஷயத்தில் பேச வேண்டியது ஒன்றே ஒன்று: "பரிசோதனை அறிக்கையில் மோசமாக்கியதா என்ற கேள்விக்குப் பதில் இல்லை, எனவே உதவும் கடமையில் பிழை நடந்திருக்கிறது." அவர் ஒப்புக்கொண்டால் கோப்பு திரும்பிப் போய்ப் புதிய மருத்துவக் கருத்து கேட்கப்படும்.

துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. புதிதும் பொருத்தமானதுமான ஆதாரம் வேண்டும். நெக்சஸ் கடிதம், மனைவியின் சாட்சி, எடைப் பதிவுகள் எல்லாம் இங்கே போகும்.

மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. அங்கே படைவீரர் சட்ட நீதிபதி பார்ப்பார். இருக்கும் ஆதாரத்தோடு மட்டும், 90 நாளுக்குள் புது ஆதாரம் சேர்த்து, அல்லது விசாரணை கேட்டு என்று அங்கேயும் மூன்று வரிசை. விசாரணையை வீட்டிலிருந்தே வீடியோவில் செய்யலாம். ஆனால் காத்திருப்பு நீளம்.

என் யோசனை: துணைக் கோரிக்கை. மறுஆய்வில் ஜெயித்தாலும் உனக்குக் கிடைப்பது இன்னொரு பரிசோதகரின் கருத்துத்தான், அது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல நெக்சஸ் கடிதத்தை நீயே கோப்பில் வைத்துவிட்டால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு, முதல் அறிக்கையின் ஓட்டையையும் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி இணை. இரண்டு பக்க ஆதாரமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் உனக்குத்தான். அது சலுகை இல்லை, சட்டம்.

எந்தப் பாதையானாலும் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போ. அப்படிப் போனால் முதலில் க்ளெய்ம் போட்ட தேதியே தொடக்கத் தேதியாக நிற்கும். துணைக் கோரிக்கையிலும் மறுத்தால், அந்தக் கடிதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வாரியத்துக்குப் போ. வாரியமும் மறுத்தால் 120 நாளுக்குள் படைவீரர் நீதிமன்றம். சங்கிலி அறுந்துவிடக் கூடாது.

கடிதத்தில் "சாதகமான கண்டறிதல்கள்" என்று ஒரு பகுதி இருக்கும், பார்த்தாயா?

கொங்கு_ஹூஸ்டன்:

இருக்கிறது சார். "விறைப்புக் குறைபாடு என்று நோயறிதல் உள்ளது", "பி.டி.எஸ்.டி.க்குப் பணித்தொடர்பு உள்ளது" என்று இரண்டு வரி.

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

பலே. அந்த இரண்டும் இனி மேலே யார் பார்த்தாலும் அவர்களைக் கட்டுப்படுத்தும், தெளிவான பிழை என்று காட்டினாலொழிய. ஆகவே நோய் இருக்கிறதா என்று இனி வாதமே இல்லை. நடுவில் உள்ள கண்ணி மட்டும்தான் பாக்கி. உன் முழு உழைப்பையும் அங்கே போடு.

மதுரை_மல்லி:

கொங்கு தம்பி, மனைவி சாட்சி எழுதத் தயங்குவார். நானும் தயங்கினேன். "அந்நிய ஆட்கள் படிப்பார்களே" என்று கூசியது. படிவம் 21-10210, அதில் எழுதினேன். அந்தரங்கக் காட்சி எதுவும் எழுத வேண்டியதில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: திருமணத்துக்குப் பிறகு எல்லாம் இயல்பாக இருந்தது, இன்ன வருடம் இந்த மாத்திரை தொடங்கினார், அடுத்த சில மாதங்களில் உறவு பாதியில் நிற்க ஆரம்பித்தது, பிறகு அவர் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார், அவமானத்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இருந்தார். கடைசி வரிதான் எங்களுக்கு ரொம்ப உதவியது. மருத்துவப் பதிவில் ஏன் பல வருடம் ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் விளக்கம்.

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

மல்லி சொன்னதற்குச் சட்ட ஆதாரமே உண்டு. அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியை நம்ப முடியாது என்று தள்ளக் கூடாது. புக்கனன் எதிர் நிக்கல்சன், 2006. எதனால் வந்தது என்று மனைவி சொல்ல வேண்டாம், அது மருத்துவர் வேலை. எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்பதை அவரைவிட யாரால் சொல்ல முடியும்?

விழுப்புரம்_விமானப்படை:

ஒரு கம்பெனி எனக்கு அடிக்கடி போன் செய்கிறது. முதல் க்ளெய்மிலிருந்தே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், கிடைக்கும் மாதத் தொகையில் சில மாதப் பணம் கொடுத்தால் போதும் என்கிறார்கள். டாக்டர் கடிதமும் அவர்களே தருவார்களாம். போகலாமா?

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

போகாதே. முதல் க்ளெய்ம் தயாரித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. வி.ஏ. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானதாகக் கருதப்படும். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் அமைப்புகளின் ஆட்கள் காசே வாங்குவதில்லை. உன் மாவட்டத்திலும் படைவீரர் சேவை அலுவலர் இருப்பார். அவரிடம் தமிழில் பேச முடியாது, சரி, ஆனால் இந்த மாதிரிப் பேச்சு அவருக்குத் தினசரி வேலை. நீ கூசுவது போல அவர் கூச மாட்டார்.

பழைய_காலாட்படை:

எல்லாம் படித்தேன். மல்லி அம்மா எழுதியது மனதை என்னவோ செய்துவிட்டது. எனக்கும் பல வருடமாக ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் உண்டு. முதுகுக்கு மட்டும் ரேட்டிங் வாங்கினேன், வேறு எதையும் கேட்டதில்லை. டாக்டர், முதுகு வலி மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மருந்துச்சீட்டு_டாலஸ்:

என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது ஐயா. ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறையும், அதனால் ஆசையும் விறைப்பும் குறையலாம். கீழ் முதுகில் நரம்பு அழுத்தம் இருந்தாலும் வரலாம். திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ க்ளெய்ம் பற்றி யோசிக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். இல்லையென்றால் மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இந்தக் குறையைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், கிளம்பும்போது கதவருகே நின்று சொல்லாதீர்கள்.

கொங்கு_ஹூஸ்டன்:

எல்லோருக்கும் ஒரு தகவல். மனநல மருத்துவரிடம் பேசினேன். மாத்திரை தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி எல்லாம் அவர் பதிவில் இருக்கின்றன. நோய், மருந்து, எடை மூன்றையும் தனித்தனியாக எழுதி, மோசமாக்கியதா என்ற கேள்விக்கும் பதில் தருவதாகச் சொன்னார். மனைவியிடம் மல்லி அக்கா எழுதியதை அப்படியே படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளே படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதினாள். துணைக் கோரிக்கையாகவே அனுப்பப் போகிறேன்.

சார், புதிய பரிசோதனைக்கு மறுபடி கூப்பிட்டால்?

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

கட்டாயம் போ. போகாவிட்டால் அதையே காரணமாக்கி முடித்துவிடுவார்கள். ஆண் இனப்பெருக்க உறுப்புகளுக்கான படிவத்தில், மருந்து இல்லாமல் உறவுக்குப் போதுமான விறைப்பு வருகிறதா, மருந்தோடு வருகிறதா என்று இரண்டு தனிக் கேள்விகள் உண்டு. இரண்டையும் கலந்து "ஏதோ வரும்" என்று சொல்லிவிடாதே. உள்ளது உள்ளபடி, தனித்தனியாகச் சொல். நெக்சஸ் கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். முடிந்ததும் பரிசோதகர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், என்ன கேட்கவே இல்லை என்பதை அன்றைக்கே எழுதி வை. மறுத்தால் வாரியத்தில் அது உதவும்.

புதிய_உறுப்பினர்_ஜார்ஜியா:

வணக்கம், இதைப் படித்துவிட்டுத்தான் கணக்கு தொடங்கினேன். எனக்கும் இதே மாதிரி மறுப்பு. ஆனால் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

வழிகாட்டி_சான்அன்டோனியோ:

முடியும். வாரியத்துக்கும் மறுஆய்வுக்கும்தான் ஒரு வருடக் கெடு. துணைக் கோரிக்கையைப் புது ஆதாரத்தோடு எப்போது வேண்டுமானாலும் போடலாம். பழைய தேதி போய்விடும், புதிதாகப் போட்ட தேதியிலிருந்து கணக்கு வரும், அவ்வளவுதான். அதனால் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தில் பெயர், கோப்பு எண்ணை மறைத்துவிட்டுக் காரணப் பகுதியை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.